முதல் எல்க் வேட்டை: கொலராடோ மலைக்காட்டுக்குப் புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் கொலராடோ மாநில மலைகளில் முதன்முறையாக எல்க் என்னும் பெரிய மான் வேட்டைக்குப் போக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, எல்க் எங்கே கிடைக்கும் என்பதுதான். தேவையான கேள்விதான். ஆனால் அதற்கு முன்பே தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு: இந்த இடத்தில் ஓர் எல்க்கை வீழ்த்தினால், அதன் இறைச்சி முழுவதையும் கெடுவதற்குள் என் வண்டி வரை கொண்டுவந்து சேர்க்க என்னால் முடியுமா? வளர்ந்த ஆண் எல்க் ஏறத்தாழ 300 கிலோ எடை இருக்கும்; பெண் எல்க் 225 கிலோவை ஒட்டி இருக்கும். எலும்பை நீக்கிய பிறகும் நல்ல வளர்ச்சி பெற்ற ஆண் எல்க்கிலிருந்து 80 முதல் 110 கிலோ வரை இறைச்சி கிடைக்கும். கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டர் உயரத்தில், விழுந்த மரங்கள் குறுக்கே கிடக்கும் சரிவில், பழக்கமுள்ள ஒருவரே ஒரு நடையில் 25 அல்லது 30 கிலோதான் சுமக்க முடியும். வண்டி 5 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறதென்றால், தனியாக வந்தவர் நான்கு முறை சுமந்தாக வேண்டும். அதாவது 35 கிலோமீட்டர் நடை, அதில் 20 கிலோமீட்டர் முதுகில் சுமையோடு. இந்தக் கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டால், எந்தப் பகுதிக்குப் போவது, எத்தனை பேர் போவது, எத்தனை நாள் தங்குவது, எதைச் சுடாமல் விடுவது ஆகிய எல்லாவற்றுக்கும் விடை தானாகவே அமையும். ஆகவே இக்கட்டுரை முழுவதும் இந்தக் கணக்கையே அடிப்படையாகக் கொண்டு செல்கிறது.

உரிமமும் சட்டமும்

வட அமெரிக்காவில் எல்க் மிக அதிகமாக வாழும் மாநிலம் கொலராடோ. அங்கே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட எல்க்குகள் இருக்கின்றன. 1900களின் தொடக்கத்தில் சந்தைக்காக வரம்பின்றிச் சுட்டுத் தள்ளியதால் அந்த மாநிலத்தில் இந்த விலங்கு ஏறக்குறைய அற்றுப்போகும் நிலைக்கு வந்தது; 1910களில் வயோமிங் மாநிலத்திலிருந்து எல்க்குகளைக் கொண்டுவந்து விட்டும், வேட்டையைக் கட்டுப்படுத்தியும்தான் அதை மீட்டெடுத்தார்கள். இன்று நாம் வாங்கும் உரிமத்தின் கட்டணமும், 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கப்படும் வரியும் அந்தப் பாதுகாப்புப் பணிக்கே செல்கின்றன. வேட்டை முற்றிலும் தடைசெய்யப்பட்ட நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு முதலில் விளங்காமல் இருக்கலாம். ஆனால் அங்குள்ள விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது என்பதை அறிந்திருந்தால், அவற்றைச் சுமையாகக் கருதத் தோன்றாது.

முதல் படி, வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி. 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எவரும் இந்தப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெறாமல் கொலராடோவில் உரிமம் வாங்க முடியாது. அடுத்தது உரிமத்தின் வகை. குலுக்கல் முறையில் வழங்கப்படும் உரிமங்களுக்கு ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமைக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் வரும் இரண்டாம், மூன்றாம் ரைஃபிள் பருவங்களுக்கு (ரைஃபிள் துப்பாக்கியால் வேட்டையாட ஒதுக்கப்பட்ட நாள்களுக்கு), பல பகுதிகளில் ஆண் எல்க் உரிமம் குலுக்கல் இல்லாமல் நேரடியாகவே விற்கப்பட்டு வந்திருக்கிறது. புதியவர்கள் பலருக்கு இதுவே வாசல். எனினும் விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. வெளிமாநிலத்தவர் நேரடியாக வாங்கிவந்த வில்வேட்டை உரிமம் மாநிலத்தின் மேற்குப் பகுதிகளில் 2025 முதல் குலுக்கலுக்குள் கொண்டுவரப்பட்டது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எனவே கொலராடோ பூங்கா மற்றும் வனவிலங்குத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் பெருவிலங்கு வேட்டைக் கையேட்டை அந்தந்த ஆண்டுக்குரியதாகவே பார்த்து, தான் போகும் பகுதிக்கான விதிகளை இரண்டு முறை படிக்க வேண்டும். மாநிலத்தில் தொடர்ந்து ஆறு மாதம் வசித்தவர்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. வெளிமாநிலத்தவருக்கு ஆண் எல்க் உரிமம் 800 டாலரை ஒட்டி ஆகும்.

அமெரிக்காவில் எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் வாசகர்கள் ஒன்றை மிகக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். கூட்டாட்சிச் சட்டப்படி இவ்வகை விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது பொதுவாகக் குற்றமாகும். ஏதேனும் ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது அந்தத் தடைக்குச் சட்டமே தரும் விதிவிலக்குகளில் ஒன்று. ஆகவே உரிமம் கைக்கு வருவதற்கு முன்பு நண்பரின் ரைஃபிளைக் கையில் எடுத்துப் பழகுவதுகூடச் சிக்கலில் முடியலாம். குடியுரிமை தொடர்பான விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்கள் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே துப்பாக்கிப் பக்கம் போவது நல்லது. வில்லுக்கு இந்தத் தடை கிடையாது. ஆனால் வில்லில் தேறுவதற்கு ஓராண்டுப் பயிற்சியாவது தேவைப்படும்.

களத்தில் கட்டாயம் கைக்கொள்ள வேண்டிய விதிகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரைஃபிள் பருவத்தில் இடுப்புக்கு மேலே குறைந்தது 500 சதுர அங்குலம் பளிச்சிடும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்புத் துணி தெரிய வேண்டும். அதே நிறத் தொப்பியும் எல்லாத் திசையிலிருந்தும் தெரிய வேண்டும். சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிலிருந்து மறைவுக்கு அரை மணி நேரம் பின்பு வரைதான் சுடலாம். பெரும்பாலான பகுதிகளில் ஆண் எல்க்கின் ஒரு கொம்பிலாவது நான்கு கிளைகள் இருக்க வேண்டும், அல்லது நெற்றியை ஒட்டி முளைக்கும் கிளை 5 அங்குல நீளமாவது இருக்க வேண்டும். வண்டிக்குள் இருக்கும் ரைஃபிளின் குழலறையில் தோட்டா இருக்கக் கூடாது.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

கொலராடோவின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பொதுநிலம். வைட் ரிவர், சான் வான், கன்னிசன், ரூட் போன்ற தேசிய வனங்களில் யாரிடமும் அனுமதி கேட்காமல் நடந்துபோய் வேட்டையாடலாம். இவற்றுக்குள்ளேயே ஃபிளாட் டாப்ஸ், வெமினூச் போன்ற பாதுகாக்கப்பட்ட வனாந்தரங்கள் இருக்கின்றன. 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே மோட்டார் வண்டியும் மிதிவண்டியும் நுழையக் கூடாது, கால்நடையாகவோ குதிரையிலோதான் போக வேண்டும். பக்கத்து மாநிலமான வயோமிங்கில் வெளிமாநில வேட்டைக்காரர்கள் இத்தகைய வனாந்தரத்துக்குள் உரிமம் பெற்ற வழிகாட்டியோ உள்ளூர்வாசியோ இல்லாமல் பெருவிலங்கு வேட்டையாட முடியாது. கொலராடோவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. வழிகாட்டி வைத்துக்கொள்ள வசதியில்லாத புதியவருக்குக் கொலராடோவைப் பரிந்துரைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வேட்டைக்குப் பல மாதங்களுக்கு முன்பே வரைபடத்தில் வேலை தொடங்க வேண்டும். ஆன்எக்ஸ் ஹண்ட், கால்டோப்போ போன்ற செயலிகள் பொதுநிலத்தையும் தனியார் நிலத்தையும் பிரித்துக் காட்டும். வனத்துறையின் மோட்டார் வண்டிப் பாதை வரைபடம் எந்தச் சாலை எந்த மாதம் திறந்திருக்கும் என்று சொல்லும். வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர் சாலையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குள்ளேயே நின்றுவிடுகிறார்கள் என்பதால், அதைத் தாண்டி உள்ளே போகச் சொல்லிப் பலரும் அறிவுரை கூறுவார்கள். அது சரியே. ஆனால் முதல் முறை வருகிறவருக்கு நான் ஓர் எல்லையும் வகுத்துச் சொல்வேன்: இருவராக வந்தால் வண்டியிலிருந்து 4 கிலோமீட்டர், தனியாக வந்தால் 2 கிலோமீட்டர், அதற்கு மேல் சுட வேண்டாம். அதிலும் வண்டியைவிட உயரமான இடத்தில் வேட்டையாடி, சுமையைக் கீழ்நோக்கி இறக்குவதுபோல் திட்டமிடுவது நல்லது. ஆழமான பள்ளத்தாக்கின் அடியில் நிற்கும் எல்க் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதை மேலே ஏற்றிக் கொண்டுவர ஆள்பலம் இல்லாதவருக்கு அது இரை ஆகாது.

வரைபடத்தில் தேட வேண்டியவை மூன்று: தீவனம், ஒதுங்கிடம், தண்ணீர். எல்க் இரவிலும் வைகறையிலும் புல்வெளிகளிலும் ஆஸ்பென் தோப்புகளின் ஓரங்களிலும் மேயும். பகலில் ஸ்ப்ரூஸ், ஃபிர் மரங்கள் அடர்ந்து இருண்ட வடசரிவுகளில், சரிவுக்கு நடுவே படிபோல் சமதளமாக இருக்கும் இடங்களில் படுத்து அசைபோடும். செப்டம்பரில் இனப்பெருக்கக் காலம் என்பதால் ஆண் எல்க் குரல் கொடுக்கும். அதைக் கொண்டே இருக்குமிடத்தை அறியலாம். அக்டோபர் கடைசிக்குள் அந்தக் குரல் அடங்கிவிடும். முதிர்ந்த ஆண் எல்க்குகள் மந்தையை விட்டுப் பிரிந்து, இழந்த உடல்வலுவை மீட்க, ஆள் நடமாட்டமில்லாத செங்குத்துக் காடுகளில் ஒதுங்கிக் கிடக்கும். பெண் எல்க்குகளும் கன்றுகளும் பெரிய கூட்டமாகத் திரியும். பனி கனமாக விழுந்தால் எல்லாம் தாழ்வான இடங்களை நோக்கி இறங்கும். ஆகவே ஒரே ஓர் இடத்தை நம்பாமல், வெவ்வேறு உயரங்களில் நான்கைந்து இடங்களையாவது குறித்துக்கொண்டு போக வேண்டும்.

உடலும் மூட்டையும்

குறைந்தது நான்கு மாதத்துக்கு முன்பு உடற்பயிற்சியைத் தொடங்க வேண்டும். ஓடுவதைவிட, முதுகுப்பையில் எடை வைத்துப் படியேறி இறங்குவதே இந்த வேலைக்கு நெருக்கமான பயிற்சி. 10 கிலோவில் தொடங்கிப் படிப்படியாக 25 கிலோ வரை உயர்த்தலாம். ஏறுவதைவிடச் சுமையோடு இறங்குவதுதான் முழங்காலைச் சோதிக்கும். அதைத் தனியே பழக வேண்டும். வேட்டைக்குப் போடும் பூட்ஸையே பயிற்சிக்கும் போட்டுப் பழக்கிக்கொண்டால் கொப்புளம் வராது.

தாழ்நிலத்திலிருந்து வருகிறவர்கள், வேட்டை தொடங்குமுன் 2,400 மீட்டரை ஒட்டிய ஊர் ஒன்றில் இரண்டு இரவாவது தங்க வேண்டும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை உயர நோயின் தொடக்க அறிகுறிகள். ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடையில் தள்ளாட்டம் தெரிந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே கீழே இறங்க வேண்டும். இறங்குவதே முதல் மருத்துவம்.

பொருள்களைப் பொறுத்தவரை, பணத்தைச் செலவிட வேண்டிய வரிசை எனக்குத் தெளிவாகவே இருக்கிறது. முதலில் பூட்ஸ், அடுத்து, இறைச்சி சுமக்கத் தக்க சட்டகம் உள்ள முதுகுப்பை, அதன் பிறகு பைனாகுலர், 10x42 (பத்து மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லை கொண்டது) போதும். ரைஃபிளுக்கும் அதன் தொலைநோக்கிக்கும் அதன் பிறகே இடம். உள்ளாடை முதல் மேலாடை வரை கம்பளியோ செயற்கை இழையோ ஆக இருக்க வேண்டும். பருத்தி நனைந்தால் உடல் சூட்டை உறிஞ்சிவிடும், அக்டோபரில் ஒரே பிற்பகலுக்குள் வெயில் மாறிப் பனிப்பொழிவு வந்துவிடும் மலையில் அது உயிருக்கே ஆபத்து. கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடம் என்பதால் கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் தொடர்புக் கருவி ஒன்று அவசியம். போகும் இடத்தையும் திரும்பும் நாளையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கொலராடோவில் மலை மீட்புப் பணியைத் தன்னார்வலர்கள் கட்டணமின்றிச் செய்கிறார்கள். செலவாகுமோ என்று தயங்கி உதவி கேட்பதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

ரைஃபிள்

கொலராடோ சட்டப்படி எல்க்குக்கு .24 அங்குலத்துக்குக் குறையாத குழல் விட்டமும், 85 கிரெய்ன் (ஏறத்தாழ 5.5 கிராம்) எடைக்குக் குறையாத, உள்ளே பாய்ந்ததும் விரியும் தோட்டாவும் தேவை. 100 கஜத்தில் அதன் தாக்கும் ஆற்றல் 1,000 அடி-பவுண்டாவது இருக்க வேண்டும். நடைமுறையில் .270, .308, .30-06 ஆகிய தோட்டா வகைகளில் எதுவும் போதும். பெரிய விசை கொண்ட மேக்னம் துப்பாக்கியின் உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவரைவிட, சிறிய துப்பாக்கியில் நிதானமாகச் சுடுகிறவர் எல்க்குக்கு நியாயம் செய்கிறார். ஈயத் துகள் இறைச்சியில் கலக்கக் கூடாது என்று எண்ணுகிறவர்கள் முழுச் செம்புத் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கலாம்.

ரைஃபிளை 200 கஜத்துக்குச் சரிபார்த்த பிறகு, பயிற்சி மேசையை விட்டு எழுந்துவிட வேண்டும். மலையில் மேசை இல்லை. உட்கார்ந்தும், முழங்காலிட்டும், முதுகுப்பையின் மேல் சாய்த்தும், ஊன்றுகோலில் தாங்கியும், கொஞ்ச தூரம் ஓடி மூச்சு வாங்கும் நிலையிலும் சுட்டுப் பழக வேண்டும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் எல்லாத் தோட்டாக்களும் விழும் தொலைவு எதுவோ, அதுவே அவரவருடைய எல்லை. அது 150 கஜமாக இருந்தால் 150 கஜம்தான்.

முகாம்

முகாமை எல்க் மேயும் புல்வெளிக்கு அருகில் போடக் கூடாது என்பதைத் தவிர, இதில் நீட்டிச் சொல்ல அதிகமில்லை. உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி வரை தாங்கும் தூக்கப்பை, பனியின் எடையைத் தாங்கும் கூடாரம், ஜியார்டியா கிருமியை நீக்கும் நீர் வடிகட்டி ஆகியவை வேண்டும். வடிகட்டி இரவில் உறைந்தால் பழுதாகிவிடும்; அதைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு உறங்க வேண்டும். சமையல் பற்றி நம்மவர்களுக்கு ஒரு சொல்: 3,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் அரிசியும் பருப்பும் வேக நெடுநேரமாகும், எரிவாயு வீணாகும். அவல், ரவை, வறுத்த சேமியா, புளிக்காய்ச்சல் போன்றவை வெந்நீரிலேயே உணவாகிவிடும், எடையும் குறைவு. நாளொன்றுக்கு 3,000 கலோரிக்குக் குறையாமல் சாப்பிட வேண்டும். வேர்க்கடலையும் வெல்லமும் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

காற்றை அறிதல்

எல்க் தன் கண்ணையும் காதையும்கூடச் சில நேரம் சந்தேகிக்கும், மூக்கைச் சந்தேகிக்காது. அசைவைக் கண்டால் நின்று பார்க்கும், சத்தம் கேட்டால் காது திருப்பும், மனித வாடை பட்டால் அடுத்த கணமே கிளம்பி, சில கிலோமீட்டர் தள்ளி வேறொரு பள்ளத்தாக்குக்கே போய்விடும். ஆகவே புதியவர் கற்க வேண்டிய கலைகளில் முதன்மையானது மலைக்காற்றின் ஒழுங்கு.

இரவில் குளிர்ந்த காற்று கனத்து, நீர்போலச் சரிவு வழியே கீழே இறங்கும். விடியற்காலையிலும் அதே போக்கு நீடிக்கும். வெயில் சரிவின் மேல் பட்டுத் தரை சூடேறிய பிறகு காற்று திசை மாறி மேலே ஏறத் தொடங்கும். மாலையில் நிழல் விழுந்ததும் மீண்டும் இறங்கும். கிழக்கு நோக்கிய சரிவில் இந்த மாற்றம் முதலில் நிகழும், வடசரிவில் மிகவும் தாமதமாகும், மேகம் மூடிய நாளில் நடக்காமலும் போகலாம். மாறும் அந்த இடைப்பட்ட நேரத்தில் காற்று எந்தத் திசையிலும் நிலைக்காமல் சுழலும். அப்போது எல்க்கை நெருங்காமல் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவது மேல்.

இதிலிருந்து ஒரு நாளின் ஒழுங்கு பிறக்கிறது. விடிவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே முகாமை விட்டுக் கிளம்பி, இருட்டிலேயே, புல்வெளிகளைப் பார்க்கும்படியான உயரமான இடத்துக்கு வந்து சேர வேண்டும். நம் வாடை இறங்கும் வழியில் எல்க் மேயும் இடம் இருக்கக் கூடாது. மேட்டில் நின்றால் புல்வெளிக்கு நேர்மேலே நிற்காமல், பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் நிற்பதே பாதுகாப்பானது. வெளிச்சம் வரும்போது பைனாகுலரில் ஒவ்வொரு புல்வெளியின் ஓரத்தையும் மெதுவாகத் துழாவ வேண்டும். முழு விலங்கு கண்ணில் படும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மரங்களுக்கிடையே ஒரு முதுகின் கிடைக்கோடு, ஒரு கால், வெளிர் மஞ்சள் புட்டம் என்று துண்டு துண்டாகத்தான் தெரியும். எல்க் காட்டுக்குள் நுழைந்த பிறகு, காற்று உறுதியாக மேலேறும் நேரத்தில், அவை படுத்திருக்கும் படிச்சமதளத்தின் அதே உயரத்தில் பக்கவாட்டாக நெருங்கலாம். ஒரு சிறிய குப்பியில் மாப்பொடி வைத்துக்கொண்டு நிமிடத்துக்கொரு முறை தூவிப் பார்த்தால் காற்றின் போக்கு தெரியும். மாலையில் மீண்டும் புல்வெளிக் காவல்.

நடக்கும்போது தரையைப் படிக்க வேண்டும். ஈரம் காயாத, பளபளக்கும் புழுக்கை அன்றைய காலைக்குரியது. காய்ந்து வெளிறியது பல நாள் பழையது. பனியில் விளிம்பு கூர்மையாக இருக்கும் குளம்புத் தடம் புதியது. புழுக்கையும் தடமும் பழையவையாகவே இருந்தால், அரை நாள் பொறுத்திருந்துவிட்டு அடுத்த இடத்துக்கு மாறிவிட வேண்டும். எல்க் இல்லாத இடத்தில் எவ்வளவு திறமையாக வேட்டையாடினாலும் பயனில்லை.

சுடும் கணம்

முதலில் அது எல்க்தானா என்று உறுதிப்படுத்த வேண்டும். 1978இல் கொலராடோவின் நார்த் பார்க் பகுதியில் மூஸ் என்னும், எல்க்கைவிடப் பெரிய மான் இன விலங்கைக் கொண்டுவந்து விட்டார்கள். அது இன்று எல்க் வாழும் காடுகளில் பரவலாக இருக்கிறது. எல்க் என்று நினைத்து மூஸைச் சுட்டுவிடும் தவறு அங்கே தொடர்ந்து நடக்கிறது. மூஸ் முழுவதும் கரும்பழுப்பு, மூக்கு பருத்துத் தொங்கும், புட்டத்தில் வெளிர்த் திட்டு இராது. எல்க்குக்கு உடல் மண்நிறம், கழுத்து மட்டும் கருமை, புட்டம் வெளிர் மஞ்சள். ஆண் எல்க் என்றால் கொம்பின் கிளைகளை எண்ணி முடிக்காமல் விரல் விசைக்குப் போகக் கூடாது. பின்புறம் மண்மேடு இருக்கிறதா, இன்னோர் எல்க் நிற்கிறதா, ஆரஞ்சு நிறம் எங்கேனும் தெரிகிறதா என்பதையும் அதே பார்வையில் பார்த்தாக வேண்டும்.

விலங்கு பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது நம்மைவிட்டுச் சற்றே விலகித் திரும்பி நிற்க வேண்டும். முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி, உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறிவைத்தால் தோட்டா நுரையீரல் இரண்டையும் துளைக்கும். நேர்முகமாகவோ, புட்டத்தைக் காட்டியோ, ஓடிக்கொண்டோ இருக்கும் எல்க்கைச் சுடக் கூடாது. அது விழாமல் நின்றால் உடனே இரண்டாம் முறையும் சுட வேண்டும்; எல்க்கின் தாங்கும் சக்தி நம் கணிப்பை மீறியது.

ஓடிவிட்டால், அது நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ட இடத்தையும் மனத்தில் பதித்துக்கொண்டு, செயலியிலும் குறித்துவிட்டு, அரை மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். பிறகு இரத்தத்தைப் பார்க்க வேண்டும். நுரைத்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், எல்க் அருகிலேயே கிடக்கும். அடர்ந்த கருஞ்சிவப்பு என்றால் கல்லீரலாக இருக்கலாம். இன்னும் சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சை நிறமும் சாண நாற்றமும் கலந்திருந்தால் குடலில் பட்டிருக்கிறது. ஆறு மணி நேரமாவது விட்டுவிட்டால்தான் அது படுத்த இடத்திலேயே உயிர்விடும், அவசரப்பட்டுத் தொடர்ந்தால் மலை கடந்து ஓடிவிடும். எதுவாயினும், காயப்பட்ட விலங்கைத் தேடுவதில் மீதமிருக்கும் வேட்டை நாள் முழுவதையும் செலவிட ஒருவர் தயாராக இருக்க வேண்டும்.

இறைச்சியைக் காத்தல்

எல்க் இறந்துவிட்டது உறுதியானதும், உரிமத்தோடு வந்த டேக்கில் (அடையாளச் சீட்டில்) கையெழுத்தும் தேதியும் இட்டுப் பிரித்துவிட வேண்டும். இறைச்சியைக் கொண்டுசெல்லும்போது அது உடன் கட்டப்பட்டிருக்க வேண்டும். அதன் பிறகு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. எல்க்கின் தோல் மிகத் தடித்தது. உயிர் போன பிறகும் உள்ளிருக்கும் சூட்டை வெளியே விடாது. பின்தொடை எலும்பைச் சுற்றியுள்ள கறி முதலில் கெடும், வெளியே பனி பெய்துகொண்டிருந்தாலும் கெடும். எனவே தோலை விரைவாக உரித்துக் காற்றுப் பட விடுவதே முதல் வேலை.

வண்டி வராத காட்டில் வயிற்றைக் கிழித்துக் குடலை வெளியே எடுக்கத் தேவையில்லை. எல்க்கைப் பக்கவாட்டில் கிடத்தி, சரிவாக இருந்தால் கொம்பையோ காலையோ மரத்தில் கட்டிவிட்டு, முதுகுத்தண்டின் நீளத்துக்குத் தோலைக் கீறி வயிற்றுப்பக்கமாக உரித்துவர வேண்டும். முன்சப்பை உடலோடு எலும்பு மூட்டால் இணைந்திருக்கவில்லை. காலைத் தூக்கிப் பிடித்து அடியில் கத்தியை ஓட்டினால் கழன்று வரும். பின்தொடையை, தொடைக்கும் இடுப்புக்கும் இடையிலான பந்துமூட்டில் அறுத்துப் பிரிக்க வேண்டும். அடுத்து முதுகெலும்பை ஒட்டி நீளமாக ஓடும் முதுகுக்கறி, கழுத்துக்கறி, விலாவின் மேல் படர்ந்த கறி. கடைசி விலாவுக்குப் பின்னால், குடலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு கையை உள்ளே விட்டால், முதுகெலும்பின் அடிப்பக்கத்தில் மென்மையான உள்முதுகுக்கறி கிடைக்கும். பிறகு உடலைப் புரட்டி மறுபக்கமும் இப்படியே. பிளேடு மாற்றக்கூடிய கத்தி ஒன்றும் ஏழெட்டு பிளேடுகளும் போதும். களைத்த கையோடு வேலை செய்வதால், கத்தி எப்போதும் தன் உடம்பை விட்டு வெளிநோக்கி நகரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். தனியாகச் செய்கிறவருக்கு முதல் முறை நான்கு மணி நேரமாவது ஆகும்.

கொலராடோ சட்டப்படி, விலங்கு ஆணா பெண்ணா என்பதற்கான உடலடையாளம் பெரிய துண்டு ஒன்றோடு இயல்பாக ஒட்டியபடியே இருக்க வேண்டும். ஒரு பின்தொடையில் விதையையோ மடியையோ அறுக்காமல் விட்டுவிட்டால் போதுமானது. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டிலேயே விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் எடுத்துப்போவது குற்றம். அதை நான் வெறும் சட்டக் குற்றமாக மட்டும் கருதவில்லை.

துண்டுகளைக் காற்றுப் புகும் துணிப்பைகளில் இட்டு, குடலும் எலும்புக்கூடும் கிடக்கும் இடத்திலிருந்து 100 மீட்டராவது தள்ளி, நிழலில், மரக்கிளையில் தொங்கவிட வேண்டும். பிளாஸ்டிக் பை சூட்டை அடைத்து இறைச்சியைக் கெடுக்கும். கொலராடோவில் கருங்கரடிகள் உண்டு. மீதியை எடுக்கத் திரும்பி வரும்போது தொலைவிலேயே நின்று பைனாகுலரில் பார்த்துவிட்டு, சத்தம் எழுப்பிக்கொண்டு நெருங்க வேண்டும். பழுப்புநிற கிரிஸ்லி கரடிகள் வாழும் வயோமிங், மொன்டானா பகுதிகளில் இந்த எச்சரிக்கை இருமடங்கு தேவை. அங்கே கரடி விரட்டும் ஸ்பிரே இல்லாமல் சடலத்தின் அருகே போகக் கூடாது.

முதல் நடையில் மிகக் கனமான பின்தொடைகளில் ஒன்றைச் சுமந்துவிடுவது நல்லது. உடலில் தெம்பு குறையக் குறையச் சுமையும் குறைந்துவரும். இரவில் நடக்க நேர்ந்தால் தலைவிளக்குக்கு மாற்று பேட்டரி வேண்டும். களைப்பு மிகுந்தால், இறைச்சி நன்றாகக் குளிர்ந்து தொங்கும் வரையில் இரவு முழுவதும் காத்திருக்கலாம். பகலில் 10 டிகிரிக்கு மேல் வெயில் ஏறும் என்று தெரிந்தால் காத்திருக்க முடியாது. வண்டியில் பெரிய ஐஸ்பெட்டிகள் இரண்டையும் உறைந்த தண்ணீர்ப் பாட்டில்களையும் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். உருகிய நீர் இறைச்சியில் படாதபடி வைப்பது முக்கியம்.

கொலராடோவின் மான் இனங்களில், மூளையைத் தாக்கிப் படிப்படியாக உடலை உருக்கும் சிடபிள்யூடி என்னும் நோய் இருக்கிறது. இது மனிதருக்குத் தொற்றியதாக உறுதிசெய்யப்படவில்லை என்றாலும், நோயுள்ள விலங்கின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்றே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. சில பகுதிகளில் பரிசோதனை கட்டாயம்; கட்டாயமில்லாத இடத்திலும் தலையைக் கொண்டுபோய்த் துறையின் மாதிரி சேகரிப்பு நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும். வேறு மாநிலத்துக்கு எடுத்துச்செல்கிறவர்கள் மூளையும் முதுகுத்தண்டும் இல்லாத, எலும்பு நீக்கிய இறைச்சியை மட்டுமே கொண்டுபோக வேண்டும். பல மாநிலங்கள் மற்றவற்றை உள்ளே விடுவதில்லை. கறி வெட்டித் தரும் கடையில் கொடுத்தால், மற்றவர்களின் இறைச்சியோடு கலக்காமல் தனியாக அரைத்துத் தரும்படி முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். பொட்டலம் ஒவ்வொன்றின் மேலும் எந்த உறுப்பின் கறி, எந்தத் தேதி என்பதோடு பரிசோதனை எண்ணையும் எழுதி உறைபெட்டியில் வைத்துவிட்டு, முடிவு வந்த பிறகு அடுப்பை மூட்டலாம்.